துட்டி முடிந்த பிறகு இறங்கிய விமானம்

விமானம் எங்கள் ஊரில் வந்து விழுவதற்கு முக்கால் வருஷம் முன்னாலேயே அது விழுகிற சத்தம் வந்து சேர்ந்துவிட்டது. தை மாதம், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ராச்சாப்பாடு முடிந்து பெண்கள் வட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரம், கிழக்கே எங்கோ ஓர் இரைச்சல் கிளம்பி, ஊருக்கு மேலே வந்து, முருங்கை மரத்தில் அடைந்திருந்த கோழிகளை எல்லாம் எழுப்பிவிட்டு, பிளேன் பொட்டலில் இறங்கி, தரையைத் தொட்டு, எகிறி, மறுபடியும் தொட்டு, ஒரு சக்கரம் வெடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தகரத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் இரண்டாக முறிந்து, தீப்பிடித்து, ஆட்களின் கூக்குரலோடு எரிந்து, அடங்கியது. அத்தனையும் சத்தம் மட்டும்தான். ஊர்ச்சனம் பானையும் குடமுமாக ஓடிப்போய்ப் பார்த்தபோது பொட்டலில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் காவல்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் சத்தம் கேட்டுத்தான் மண்வாரியும் மணல் வாளியுமாக ஓடி வந்திருந்தார்கள். எங்கள் ஊர் ஒத்தைக்கிணற்றின் மேய்ச்சல் காட்டைச் சர்க்கார் எடுத்துச் சரளை போட்டு இறுக்கி, பிளேன் இறங்குகிற தரையாக ஆக்கியதிலிருந்து ஊருக்கும் பொட்டலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்று ராத்திரி முதல் தடவையாக இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. கொண்டுபோன தண்ணீரை வீணாக்குவானேன் என்று பாதையோரத்து வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் அதே நேரத்துக்கு அதே சத்தம். அதற்கு மறுநாளும். நாலைந்து நாள் ஓடினார்கள், பிறகு நடந்து போனார்கள், பிறகு வாசலில் நின்று கேட்டார்கள், மாசி பிறந்தபோது கேட்டுக்கொண்டே பாய் விரித்தார்கள். ஒரு ஊர் எதற்கும் பழகிவிடும், எங்கள் ஊர் கொஞ்சம் சீக்கிரமே பழகும். பாலுக்கு உறை ஊற்றுவது சத்தத்துக்குப் பிறகு என்று ஆயிற்று. பிள்ளைகளை "விழுறதுக்குள்ள தூங்கணும்" என்று அதட்டினார்கள். சீட்டு விளையாடுகிறவர்கள் ஆட்டத்தின் நடுவே "விழுந்தாச்சா?" என்று கேட்டு, விழுந்திருந்தால் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு, அவர்களுக்குச் சுக்குக்காப்பி விற்றவர்களும் உண்டு. பொட்டலில் இருந்த துரை கூடத் தன் கைக்கடிகாரத்தை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் திருத்திக்கொள்கிறார் என்று சொன்னார்கள்.

அந்தச் சத்தத்தின் நடுவே ஒரு சீட்டி கேட்கும். சக்கரம் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, தகரம் இழுபடும்போதும் விடாமல், மெல்லிசாக, ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல். எந்திரத்தில் ஏதோ ஓட்டை இருக்கும் என்று ஊர் முடிவு செய்திருந்தது. ஆவுடைத்தங்கம் வந்த பிறகுதான் அது எந்திரம் இல்லை என்று தெரிந்தது.

அவள் சங்கரலிங்கத்தின் மருமகள், தாய் வீட்டில் உடம்புக்கு முடியாமல் கிடந்த அம்மையைப் பார்த்துவிட்டு மாசிக் கடைசியில் திரும்பி வந்தாள். புருஷன் கோமதிநாயகம் விமானப்படையில் கம்பியில்லாத் தந்தி பேசுகிறவன், வங்காளத்துப் பக்கம் எங்கோ இருந்தான். வந்த அன்று ராத்திரி மாமனாருக்கு வெந்நீர் எடுத்துக் கொடுக்கப் போனவள், சத்தம் தலைக்கு மேலே வந்ததும் ஊர் சொன்ன சங்கதி இதுதானா என்று சிரித்துக்கொண்டே நின்றாள், சீட்டி கேட்டதும் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். கோமதிநாயகம் பயந்தால் சீட்டி அடிப்பான். கல்யாணமான புதிதில் மறுவீட்டுக்குப் போய்விட்டு இருட்டில் சுடுகாட்டைத் தாண்டி வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க இப்படித்தான் ராகமில்லாமல் அடித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, அது அவியதான்," என்றாள்.

சங்கரலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பெற்றவருக்கும் அது தெரிந்த சீட்டிதான். அவர் அத்தனை நாளும் கேட்டும் கேட்காதவராக இருந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, நான் அதை நம்புகிறேன்.

மறுநாளே அவள் மாமனாரை அழைத்துக்கொண்டு துரையைப் பார்க்கப் போனாள். மொழிபெயர்க்க ஒரு குமாஸ்தா நின்றார். என் வீட்டுக்காரர் இந்த பிளேனில் வரப்போகிறார், வந்தால் இது நடக்கும், அவரை ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று அவள் சொல்ல, துரை முகத்தில் பரிகாசமே இல்லாமல் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷர்தான் போலிருக்கிறது.

"நீ சொல்றத அவர் நம்புறாராம்," என்றார் குமாஸ்தா. "அவரும் தெனமும் கேக்காராம். ஆனா இதை மேலிடத்துக்கு எழுதினா பிளேனை நிறுத்த மாட்டாங்களாம், இவரைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்களாம்."

அவள் வீடு திரும்பினாள். அன்று முதல் ராத்திரி சீட்டி தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள், அடங்கிவிட்டது என்று மாமனார் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் கையை எடுப்பாள்.

இது இப்படியே போயிருக்கும். ஆனால் சித்திரை பிறந்தும் உச்சினிமாகாளி கோயில் நடை திறக்கவில்லை. ஊரில் பிணம் கிடந்தால் அதை எடுக்கிற வரைக்கும் நடை திறக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பிளேன் பொட்டல் ஊர் எல்லைக்குள் இருக்கிறது, அங்கே தினமும் ஆட்கள் சாகிற சத்தம் கேட்கிறது, செத்தவர்களை யாரும் எடுக்கவில்லை, அப்படியானால் பிணம் கிடக்கிறது என்றுதானே அர்த்தம் என்று பூசாரி ஆறுமுகம் நடையைச் சாத்தியவர் திறக்கவே இல்லை. கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டுகிற நாள் நெருங்கிவிட்டது. அம்மன் உள்ளே விளக்கில்லாமல் இருக்கிறாள். ஊர் கூடிப் பேசியது. எடுக்காத பிணத்தை எடுத்துவிடுவோம், சாவுத் துட்டியைக் கழித்துவிடுவோம், கொடையை நடத்துவோம் என்று முடிவாயிற்று. உடம்பு இல்லாவிட்டால் என்ன, கொழும்பிலும் ரங்கூனிலும் செத்தவர்களுக்கு வைக்கோலில் உருவம் செய்து கொள்ளி வைத்த ஊர்தானே.

"எத்தன உருவம் செய்ய?" என்று கேட்டார் ஒருவர். சத்தத்தில் நாலு பேர் கத்துகிறார்கள் என்று சிலரும் ஐந்து பேர் என்று சிலரும் சொன்னார்கள். அஞ்சாகவே செய்வோம், ஒன்று கூடினால் தப்பில்லை, குறைந்தால்தான் தப்பு என்றார் பூசாரி. வெள்ளைக்காரர்களும் இருக்கலாம் என்பதால் அடுத்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் உபதேசியாரை அழைத்து ஒரு ஜெபமும் சொல்லச் சொல்வது என்று ஏற்பாடு.

அப்போது ஆவுடைத்தங்கம் பெண்கள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "அதுல ஒண்ணு என் வீட்டுக்காரவிய. அவிய உசுரோட இருக்காவ. உசுரோட இருக்க ஆளுக்கு யாரும் கொள்ளி வைக்கக் கூடாது," என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, பூசாரி சொன்னதிலும் நியாயம் இருந்தது, இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஊர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் உயிரோடு இருக்க வேண்டும், அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். அம்மன் இருட்டில் இருந்தால் இருக்கட்டும் என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ரங்கூன் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். ரங்கூனில் குண்டு விழுந்த சமயம் அவர் செத்துவிட்டதாகச் செய்தி வந்து, வீட்டில் வைக்கோல் உருவத்துக்குக் கொள்ளி வைத்து, பதினாறும் கழித்து, மனைவி செண்பகம் தாலியையும் கழற்றிய பிறகு, அவர் காடுமலை எல்லாம் நடந்து, எலும்பும் தோலுமாக ஊருக்குள் வந்தவர். செத்ததாகச் சொல்லி அழுதுவிட்டால் ஆயுசு கெட்டி என்பார்கள். இவர் விஷயத்தில் அது கொஞ்சம் அளவு மீறிப்போயிருந்தது. வந்த வருஷமே கட்டுவிரியன் கடித்தது, பாம்புதான் செத்தது. பனையிலிருந்து விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினார். ஊரையே வாரிக்கொண்டு போன பேதியில் இவர் மட்டும் இரண்டு வேளை கூடுதலாகச் சாப்பிட்டார். ஆவுடைத்தங்கம் அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கூட்டம் கலைந்ததும் செண்பகத்தின் பின்னாலேயே போனாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். அண்ணாச்சிக்கு அன்னைக்கு அழுதியள்லா, ஊருக்காக அழுதியளா, நெசமாவே அழுதியளா?"

செண்பகம் நெல் குத்திக்கொண்டிருந்த உலக்கையை நிறுத்தினாள். "என்ன கேள்வி கேக்க? செத்துட்டாவன்னு நம்பித்தான் அழுதேன். திரும்பி வந்த பொறவும் ஒரு மாசம் கிட்ட போவல, பேயின்னு நெனச்சேன்."

"கொஞ்சங்கூட, திரும்பி வருவாவன்னு..."

"அந்த நெனப்பு இருந்திருந்தா தாலியக் கழத்த கை வருமா தாயி?"

இதற்குப் பிறகு ஆவுடைத்தங்கம் இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். சாவை ஏமாற்றுவதற்காக அழுதால் அது அழுகை ஆகாது, நடிப்பு. நடிப்புக்கு அசைந்து கொடுக்கிற சாவு எங்கே இருக்கிறது? அவன் பிழைக்க வேண்டும் என்றால் அவன் பிழைப்பான் என்கிற நினைப்பையே அவள் விட வேண்டும். அதை எப்படி விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் யாருக்குத்தான் தெரியும்? இந்த இடத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் மேல் பயம் கலந்த மரியாதை வருகிறது.

மூன்றாம் நாள் மாமனார் முன்னால் வந்து நின்றாள். "மாமா, ஊர் சொல்லுதபடி செய்யலாம். அவிய செத்துட்டாவன்னே நான் நம்பப் போறேன். எடையில எனக்கு ஆறுதல் சொல்லிராதீங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாம் கெட்டுப் போவும்."

சங்கரலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி அவள் தனியாகப் பொட்டலுக்குப் போனாள். காவல்காரன் தடுக்கவில்லை. சரளைத் தரையின் நடுவில் நின்றாள். இரைச்சல் வந்தது, தலைக்கு மேலே இறங்கியது, சீட்டி தொடங்கியது, அவள் காதைப் பொத்தவில்லை. சக்கரம் வெடிக்கிற சத்தம் அவள் காலடியில் கேட்டது, தகரம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது, முறிந்தது, எரிந்தது, தீக்குள்ளே சீட்டி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது, மெலிந்தது, மூச்சுக்கு இடம் தேடுகிற மாதிரி விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு நின்றது. அது நிற்கிற இடத்தை அவள் அதுவரை கேட்டதே இல்லை. நின்ற பிறகு வந்த அமைதியில் கோமதிநாயகம் இல்லை. எங்கேயும் இல்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து தரையில் அடித்து அழுத அழுகை ஊருக்குக் கேட்டது, ஊர்ப் பெண்கள் எழுந்து போய் அவளைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அதில் பொய் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

விடிந்ததும் பாடை கட்டினார்கள். சங்கரலிங்கம் மீசையை எடுத்துவிட்டு மகனுக்குக் கொள்ளி வைத்தார். மற்ற நான்கு உருவங்களுக்கும் ஆளுக்கொருவர் முறைசொல்லி முன்வந்தார்கள். பெயர் தெரியாததால் பெண்கள் ஒப்பாரியில் "ஆத்தா அறியாத மவனே, அக்கா காணாத தம்பியே" என்று சேர்த்துக்கொண்டார்கள். உபதேசியார் ஜெபம் சொன்னார், துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு தூரத்தில் நின்றார். ஐந்து உருவமும் சாம்பலாகிற வரைக்கும் எரிந்தன. அன்று ராத்திரி சத்தம் வரவில்லை. உறை ஊற்ற மறந்து ஊர் முழுக்கப் பால் திரிந்துபோயிற்று.

பதினாறாம் நாள் குளத்தங்கரையில் ஆவுடைத்தங்கம் தானே தாலியைக் கழற்றிக் கொடுத்தாள். கோயில் நடை திறந்தது, கால் நாட்டினார்கள், கொடை நடந்தது, மழை வேண்டிக் கேட்டதற்கு அம்மன் சரி என்றாள். அவள் மட்டும் கொடைக்கு வரவில்லை. பூ வைக்கவில்லை, நெற்றியில் பொட்டு இல்லை, நல்ல காரியம் நடக்கிற வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆவணியில் தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து நீட்டியபோது அவள் கையில் வாங்கவில்லை.

"செத்தவிய எழுத மாட்டாவ அண்ணாச்சி. வேற யாருக்கோ உள்ளது," என்றாள்.

தபால்காரர் அதைக் கடைத்தெருவில் சங்கரலிங்கத்திடம் கொடுத்தார். கிழவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார், வீட்டில் மூச்சு விடவில்லை. வீட்டுக்குள் மருமகள் புருஷனை நினைத்து அழுவதைப் பார்த்துக்கொண்டே, ஆறுதல் சொல்ல வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டே அந்த மனுஷர் காலம் தள்ளினார். அவர் பட்டதும் சாதாரணப் பாடு அல்ல.

ஐப்பசி அடைமழையில் சுற்றுவட்டத்துப் பிளேன் பொட்டல்கள் எல்லாம் தண்ணீரில் மூழ்க, எங்கள் சரளைத் தரை மட்டும் மூழ்காமல் கிடந்தது. கிழக்கே எங்கோ அடிபட்ட ஒரு விமானத்தை அதனால் இங்கே திருப்பிவிட்டார்கள். மழை விட்டிருந்த ஒரு ராத்திரி, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய நேரம், ரங்கூன் வேலாயுதம் ஒதுங்குவதற்காகப் பொட்டல் பக்கம் போனவர், விளக்கு வரிசைக்கு நடுவே அது இறங்குவதைப் பார்த்தார். தரையைத் தொட்டது, எகிறியது, மறுபடி தொட்டது, ஒரு சக்கரம் வெடித்தது, சாய்ந்தது, இறக்கை சரளையைக் கீறிக்கொண்டே போனது, இரண்டாக முறிந்தது. எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல். இருந்த சத்தம் முழுவதும்தான் ஏற்கெனவே செலவாகியிருந்ததே. முறிந்த இடத்தில் தீயும் பிடிக்கவில்லை, அதற்கான தீ சித்திரையிலேயே எரிந்து தணிந்துவிட்டது. இவருக்கு வேட்டியைக் கட்டத் தோன்றவில்லை, கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் ஓடி வந்தார்.

"விழுந்தாச்சு, ஏய், விழுந்தாச்சு!"

சீட்டுக் கச்சேரியில் இருந்தவர்கள் பழைய ஞாபகத்தில் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். "ஏல, நெசமாவே விழுந்தாச்சுல," என்று அவர் கத்திய பிறகுதான் ஊர் பானையைத் தூக்கியது. யாரும் வழி கேட்கவில்லை, விளக்கைத் தேடவில்லை. தை முதல் சித்திரை வரைக்கும் தினமும் கேட்ட சத்தம் ஆயிற்றே, வால் எங்கே கிடக்கும், மூக்கு எங்கே போய் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நேராக அங்கே போய் நின்றார்கள்.

ஆவுடைத்தங்கம் போகவில்லை. அந்த விமானத்தில் அவளுக்கு யாரும் இல்லை, அவள் புருஷன் செத்து மாதங்கள் ஆகிவிட்டன. வட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். செண்பகம் வந்து, "குடிக்கத் தண்ணி பத்தல, உன் பானையையும் எடுத்துட்டு வா," என்று கையைப் பிடித்து இழுத்ததால்தான் எழுந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் விமானப்படை ஆட்கள், ஐந்தாவதாகக் கணக்கில் இல்லாமல் தொற்றிக்கொண்டு வந்த ஒரு சமையல்காரர். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இரண்டாகப் பிளந்து கிடக்கிற விமானத்தைப் பார்ப்பதும் தங்கள் கைகால்களைத் தடவிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். இப்படி ஒரு விபத்தில் சாகாமல் இருப்பது முறையா என்று அவர்களுக்கே கூச்சமாக இருந்தது போலிருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள், தாங்கள் முறைசொல்லி அழுத பிள்ளைகள் இவர்கள்தான் என்று தெரிந்து, ஆளுக்கொருவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஏன் என்று தெரியாமலே செண்பகத்தின் தோளில் சாய்ந்து அழுதான்.

ஓரமாக உட்கார்ந்திருந்தவனுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. முகம் முழுக்க எண்ணெய்க் கரி. அவள் குனிந்து செம்பை நீட்டினாள். வாங்கக் கையை நீட்டியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டான். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தான். வெறுங்கழுத்தைப் பார்த்தான். தாலியில்லாத மனைவி என்றால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு, அது அவனுக்குத் தெரியாதா? திரும்பி உடைந்து கிடந்த விமானத்தைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"தங்கம்," என்றான். "அப்பம் நான் செத்துட்டனா?"

குரலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அது யார் என்று விளங்கியது. செம்பிலிருந்த தண்ணீர் முழுவதும் அவன் மடியில் கொட்டியது. இரண்டு கையாலும் அவன் முகத்துக் கரியைத் துடைத்தாள், காதைத் தொட்டுப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள், தொட்ட இடமெல்லாம் சூடாக இருந்தது. சங்கரலிங்கம் பின்னால் வந்து நின்று, மாதக்கணக்காக விழுங்கிய வார்த்தைகளை எல்லாம் சேர்த்து ஒரே விம்மலாக விம்மினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, அவற்றை அடக்கிக்கொண்டு, பயந்து கிடக்கிற புருஷனுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"நீங்க செத்து ரொம்ப நாளாச்சு. மாமா கொள்ளி வச்சாச்சு, பதினாறும் கழிச்சாச்சு, நானும் அழ வேண்டியத அழுது முடிச்சாச்சு. ஒருக்கா செத்தா போதும், இனி பயப்பட ஒண்ணுமில்ல. எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."